கண்ணாடித் தொட்டியில் செட்டை முளைத்தவை

ஆலங்குடாவில் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புகள் தோய்த்து மடிக்கிற வேலை முனவ்வராவுக்கு. சென்ற வருடம் அங்கே விளிம்பு வெடித்த மீன் தொட்டியொன்றைக் குப்பைக்குப் போட்டார்கள். அவள் அதைக் கேட்டு வாங்கி ஓட்டோவில் மாம்புரியில் இருக்கும் வீட்டுக்குக் கொண்டு வந்தாள்.

எலுவன்குளத்தில் இருக்கும் மதினி றிஸ்மியா காட்டோரத்து மண்ணும் உக்கிப்போன மரத்துண்டு ஒன்றும் அனுப்பினாள். கிணற்றுக் கட்டில் சுரண்டிய பாசியையும் இரண்டு சின்னப் பன்னச் செடிகளையும் நட்டு, மேலே கண்ணாடி மூடி போட்டதும் தொட்டிக்குள் ஒரு குட்டிக் காடு உண்டாகிவிட்டது. வேலை முடிந்து வந்தால் அதன் முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

"காட்டு மண்ண வீட்டுக்குள்ள வெச்சிருக்கிறாய். கறையான் வந்தா நீதான் பொறுப்பு" என்று புருஷன் ஜெமீல் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கறையானை அவளுக்குத் தெரியும். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியதில் மன்னாரை விட்டு வந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. வாப்பா, வீட்டுக் காணியின் உறுதிப் பத்திரத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்தார். அகதி முகாமில், கிடுகுக் குடிசையின் மண் தரையில் இருந்த மரப்பெட்டிக்குள் அதைப் பத்திரமாக வைத்தார். மூன்றாம் வருடம் பெட்டியைத் திறந்தபோது உள்ளே கறையான் தின்று கட்டிய ஈர மண்தான் இருந்தது. வாப்பா பெட்டியை மறுபடி மூடி வைத்தார். அந்த முகம் அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. முகாமை விட்டுச் சொந்தமாக ஓட்டு வீடு கட்ட அவளுக்கு இருபத்தைந்து வருடம் பிடித்தது.

ஐப்பசி மழை இரண்டு நாள் அடித்து ஓய்ந்த காலையில், தொட்டியின் மூடிக்கு அடியில் செட்டை முளைத்த பூச்சிகள் அப்பிக்கொண்டிருந்தன. முப்பது, நாற்பது இருக்கும். மரத்துண்டின் வெடிப்பிலிருந்து இன்னும் வந்துகொண்டிருந்தன.

"யா அல்லாஹ், ஈசல்!"

ஈசல் என்றால் அடியில் கறையான் புற்று. ஜெமீல் கடலுக்குப் போயிருந்தான். ஈரத் துணியால் தொட்டியைச் சுற்றி மூடினாள். விளக்குமாற்றுக் காம்பால் கூரை மரம் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தாள். எந்தச் சத்தம் நல்லது, எது கெட்டது என்று பிடிபடவில்லை. கடைசியில், அந்தக் கூரையைப் போட்ட மர ஆசாரி றொபிக்கு ஃபோனில் கோல் எடுத்தாள்.

றொபி அரைமணி நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவள் போத்தலில் பிடித்து வைத்திருந்த ஒன்றை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தார்.

"தங்கச்சி, இஞ்ச வந்து இதின்ட இடுப்பப் பாருங்க."

"இடுப்பா? பூச்சிக்கா?"

"ஓம். நூல் மாதிரி இருக்குதா? கறையானுக்கு இப்பிடி இடுப்பு இல்ல. செட்டையப் பாருங்க, முன்னுக்கு நீளம், பின்னுக்குக் கட்டை. கறையானுக்கு நாலும் ஒரே அளவு. இது எறும்பு தங்கச்சி, வெறும் எறும்பு!"

"எறும்புக்கு எங்க, அண்ணன், செட்டை?"

"மழை பெஞ்சா அதுக்கும் முளைக்கும். புதுக் கூடு கட்டப் போகுது."

துணியை விலக்கி, மரத்துண்டை மெல்லப் புரட்டினார். அடியில் செட்டையில்லாத எறும்புகள் அரிசிக் குறுணை போல வெள்ளையான குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு தலைதெறிக்க ஓடின. மண் வந்த நாளிலிருந்தே, எட்டு மாதமாக, ஒரு குடும்பம் அங்கே குடியிருந்திருக்கிறது. தினமும் முன்னால் உட்கார்ந்திருந்த அவளுக்குத் தெரியவேயில்லை.

முனவ்வரா கதிரையில் உட்கார்ந்தாள். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, "எதுக்கும் ஒருக்கா கூரையையும் பாத்திருங்க அண்ணன்" என்றாள்.

றொபி ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு மரமாக உளியால் குத்திப் பார்த்துவிட்டு இறங்கினார். "கல்லு மாதிரி இருக்கு. உங்கட பேரப்புள்ளைகளும் இதுக்குக் கீழ இருக்கலாம்."

இருவருமாகத் தொட்டியைத் தூக்கி முற்றத்து முருங்கைக்கு அடியில் வைத்தார்கள். அவளே மூடியைத் திறந்தாள். செட்டை முளைத்தவை விளிம்புக்கு ஏறி, கொஞ்சம் தயங்கி, ஒவ்வொன்றாக வெயிலுக்குள் பறந்தன. கடைசி ஒன்றும் போகும்வரை நின்று பார்த்துவிட்டு, றொபிக்குப் பிளேன்டீ ஊற்ற அவள் குசினிக்குப் போனாள்.