படம் வர்ல

திண்டிவனத்தில் ஒரு கேபிள் டிவி ஆபீஸின் மாடியில் தனியாக உட்கார்ந்து வேலை பார்த்தேன். முன்பெல்லாம் புகார் சொல்ல ஜனங்கள் போன் பண்ணுவார்கள். கண்டபடி திட்டுவார்கள். அதுவும் பேச்சுதான். முதலாளி, புகாரை எஸ்.எம்.எஸ்ஸில் வாங்கப் பைத்தானில் புரோகிராம் எழுதச் சொன்னார். எழுதினேன். போன் நின்றது.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வருகிற எஸ்.எம்.எஸ்ஸில் ‘படம் வர்ல’ என்ற துண்டு எங்காவது இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால், லைன்மேனை அனுப்பும் பங்ஷன், அதாவது புரோகிராமில் அதற்கான பகுதி, ஓடும். ‘ரிமோட்’ இருந்தால் கடைக்குச் சொல்லும் பங்ஷன். எதுவும் இல்லையென்றால் கடைசி பங்ஷன். அது செய்தியை என் திரையில் காட்டும். மற்றபடி மனுஷன் என்ன எழுதியிருக்கிறான் என்று புரோகிராமுக்குக் கவலை இல்லை.

மயிலம் பக்கத்திலிருந்து ஒருவர் தினமும் அனுப்புவார். பெண்டாட்டி செத்துப்போய்த் தனியாக இருப்பதாக ஒருமுறை எழுதியிருந்தார். “மல்லாட்டை புடுங்கியாச்சு, கடலை நல்ல வெளைச்சல்.” “இன்னிக்கும் கேப்பை கூழுதான்.” எல்லாம் கடைசி பங்ஷனுக்குத்தான் வரும். நானும் பதில் அடிப்பேன். பல நாள் நான் ஒரு ஆளிடம் பேசியது அவ்வளவுதான்.

திடீரென்று அவர் செய்தி என் திரைக்கு வருவது நின்றது. லைன்மேன் மாடியேறி வந்து கத்தியபோதுதான் காரணம் தெரிந்தது.

“இன்னாண்ணே, உன் புரோகிராமு என்னை மயிலத்துக்கு டீ குடிக்க அனுப்பிக்கினே கீது! ‘நல்லா கீறீங்களா, மழை பேயுது, படம் வர்ல’ன்னு போடுறாரு. போனா, வயரை அவரே புடுங்கி வெச்சிக்கினு உக்காந்துக்கினு கீறாரு.”

முதலாளி கீழேயிருந்து கத்தினார். “அந்த நம்பரை நிறுத்துய்யா! பெட்ரோல் உங்கப்பனா போடுவான்?”

புரோகிராமில் ‘இருந்தால்’ என்று பார்க்கும் எல்லா இஃப் வரிக்கும் மேலே ஒரு இஃப் எழுதினேன். அந்த நம்பராக இருந்தால் நேராகக் கடைசி பங்ஷன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். பழையபடி என்னிடமே வருவார்.

வந்தார். “படம் வர்ல.” மறுநாளும் அதுதான். “கூழு குடிச்சீங்களா?” என்று கேட்டேன். பதில் “படம் வர்ல.”

ஞாயிற்றுக்கிழமை மயிலத்துக்குப் பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் என்னைத் தாண்டித் தெருவைப் பார்த்தார்.

“லைன்மேன் வர்லீங்களா?”

“லீவுங்க. நான் ஆபீஸ்லேர்ந்து வர்றேன். மெசேஜ்ல உங்களுக்குப் பதில் போடுவேனே, அது நான்தான்.”

“அட, ஆளா போட்டீங்க? மெஷினு தானா போடுதுன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்!”

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயரைச் செருகினேன். படம் வந்தது. அவர் அதைப் பார்க்கவேயில்லை. “அவன் வந்தா ஒரு மணி நேரம் கதை பேசுவான்” என்றார். என்னை உட்காரச் சொல்லவில்லை. எனக்கும் அவரிடம் நேரில் பேச ஒன்றும் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை அந்த இஃப்பை அழித்தேன். முதலாளி கத்தினால் கத்தட்டும். மத்தியானம் கீழே லைன்மேன் பைக்கை உதைத்தான்.

“அண்ணே, மயிலத்துல உன் மாமியார் வூட்டுக்குப் போயிட்டு வர்றேன்!”

போய்வா என்று சொல்ல ஜன்னலுக்குப் போனேன். அதற்குள் தெருமுனை திரும்பிவிட்டான்.