மங்காத நாள்

மூக்கண்டப்பள்ளியில் ஒற்றை அறை வீட்டில் இருக்கும் ஜோதிமணிக்குப் பதினெட்டு வருடமாகச் சோறு போட்டது அவள் கண்தான். கம்பெனியில் பேரிங் வளையங்களை லென்ஸுக்கு அடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, மயிரிழைக் கீறல் இருந்தாலும் சிவப்புப் பெட்டியில் தள்ளிவிடுவாள். தான் பாஸ் பண்ணிய பீஸ் திரும்பி வந்ததில்லை என்று அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

பொழுதுபோக்கும் அதற்குத் தோதாக வாய்த்தது. பதினோரு வருடத்துக்கு முன் பள்ளிக்கூட மைதானத்துக்குத் தொலைநோக்கியோடு வந்தவர்கள், அல்கோல் என்ற நட்சத்திரத்தைக் காட்டினார்கள். மூன்று நாளுக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் அது சில மணி நேரம் மங்கும். மங்கியதா என்று தெரிந்துகொள்ள, மாறாத பக்கத்து நட்சத்திரத்தோடு ஒப்பிட வேண்டும். ஒப்பிடுவதை இவளுக்குச் சொல்லியா தர வேண்டும்? மங்கும் நாட்களைக் காலண்டரில் குறித்துவைத்து, மொட்டை மாடியில் சரிபார்ப்பாள். நட்சத்திரம் ஒருநாளும் ஏமாற்றியதில்லை.

இந்தத் தை மாதம் கீறல் விழுந்த ஏழு வளையங்கள் அவளைத் தாண்டிப் போய்விட்டன. கண்ணாடியை இரண்டு தடவை மாற்றியும் பயனில்லை.

"திங்கக்கெழம உங்களுக்குக் கண் டெஸ்ட் இருக்குக்கா. தேறலன்னா வேலைக்கு வர வேணாம்னுட்டாங்க. என் கையில ஒண்ணும் இல்ல" என்றான் சூப்பர்வைசர் தினேஷ்குமார்.

முதுகில் அடிபட்டு வீட்டோடு கிடக்கும் கணவன் மாரிசாமியிடம் அவள் இதைச் சொல்லவில்லை. சனிக்கிழமை இருட்டியதும் மாடி ஏறினாள். அல்கோல் பிரகாசமாக இருக்க வேண்டிய நாள். அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. கணக்குத் தப்பிவிட்டது, இன்றைக்குத்தான் மங்கும் நாள் என்று மனம் அடம்பிடித்தது. பக்கத்து நட்சத்திரத்தைத் தேடினாள். அதையும் காணவில்லை. மேகமாக இருக்கட்டும், பனியாக இருக்கட்டும் என்று கெஞ்சினாள்.

"என்னங்க, கொஞ்சம் மேல வாங்களேன்."

சுவரைப் பிடித்துப் பிடித்து அவன் ஏறி வந்தான். அவள் பழக்கத்தில் கையை நீட்டிக் காட்டினாள்.

"அங்க ரெண்டு தெரியுதா?"

"தெரியுதே. ரெண்டும் ஒண்ணுபோல பளிச்சுனு இருக்கு. இத்தன வருசமா நீ கூப்ட்டும் வராம இருந்துட்டேன் பாரு." அவன் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

அவளுக்கு அழுகை பொங்கிவிட்டது.

"அதான் மங்கலையே, ஏன் அழுவுற?"

கீழே வந்து காலண்டரை அவனிடமே கொடுத்து, பார்த்ததை எழுதச் சொன்னாள். 'மங்கவில்லை' என்று எழுதினான். நட்சத்திரத்தின் மேல் பழி போட அவளுக்கு மனம் வரவில்லை. திங்கட்கிழமைக்கு இடையில் ஒரு ஞாயிறுதான் இருந்தது.