யானைக்கும் ஒரு சகன் சட்டம்

பித்தளைக்குச் சூடேறினால் ஒரு வாசனை வரும். ஆவி பறக்கும் சோற்றைக் கொட்டி, நடுவில் குழி பறித்து விரால் மீன் "ஆணம்" ஊற்றியதும், மீனும் புளியும் பித்தளையும் கலந்து எழுகிற அந்த வாசனைதான், எண்பதுகளில் நாங்கள் இருந்த ஓலைக் கூரை வயல் வாடியை நினைக்கும்போது என் மூக்கில் முதலில் ஏறுவது.

அறுவடைக் காலத்தில் கல்முனையிலிருந்து மாட்டு வண்டியில் வாடிக்குப் போகையில் உம்மா அதிகம் எடுத்துக்கொள்ள மாட்டார்: ஒரு பாய், இரண்டு சட்டி, ஓர் அரிக்கன் லாம்பு, அந்தப் பித்தளைச் "சகன்". ஐந்து பேர் சுற்றியிருந்து உண்ணும் அந்தப் பெருந்தட்டு, சாப்பாட்டு நேரம் போக மற்ற நேரமெல்லாம் மிளகாய் காயவைக்கும், அரிசி புடைத்துப் போட இடம் கொடுக்கும், கூரை ஒழுகினால் மழையை ஏந்தும். "பொம்புளைக்கு வாடியில என்ன வேலை?" என்று கேட்ட சொந்தக்காரருக்கு உம்மாவின் பதில் ஒன்றுதான்: "என்ட சீதனக் காணி, என்ட சகன். நான் போவன்."

சகனுக்கு ஒரு சட்டம் உண்டு. அவரவர் முன்னால் இருப்பதை மட்டுமே உண்ண வேண்டும். காக்காவின், அதாவது என் அண்ணனின், பக்கம் கிடக்கும் மீன் தலையை நோக்கி என் விரல்கள் ஊர்ந்தால் புறங்கையில் உம்மாவின் அடி விழும். "உன்ட பக்கத்துல தின்னு! சகன்ல கை நீட்டுறவன் நாளைக்கு அடுத்தவன்ட வரம்பையும் வெட்டுவான்."

கதிர் முற்றியிருந்தது. வெட்டுக்காரரைக் கூட்டிவர வாப்பா ஊருக்குப் போயிருந்த ஒரு பின்னேரம், உம்மாவும் காக்காவும் நானும் சகனைச் சுற்றி உட்கார்ந்து முதல் பிடியை எடுக்கவில்லை, காட்டுப் பக்க வரம்பைத் தாண்டி ஒற்றை யானை எங்கள் வயலுக்குள் கால் வைத்தது. அது உள்ளே இறங்கினால் எங்கள் ஒரு வருடச் சோறு போயிற்று. காக்கா காவல் பரணில் ஏறிவிட்டான். நான் மட்டும் வீரத்தில் குறைந்தவனா? சகனைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு குந்தினேன். அதற்குள் சோறு இருந்தது என்பது ஆணம் கண்ணில் இறங்கிய பிறகுதான் நினைவு வந்தது.

"டேய்! அது நெல்லுத் தின்ன வந்திருக்கு, நீ சோறும் ஆணமுமா நிக்கிறாயே!" என்று பரணிலிருந்து காக்கா கத்தினான்.

உம்மா என் தலையிலிருந்து சகனைப் பிடுங்கினார். விறகுக் கட்டையால் அதை அடித்து அதிரவைத்தபடி, முக்காடு நழுவுவதையும் பாராமல் வரம்பில் நேரே நடந்தார்.

"உன்ட பக்கத்துல தின்னு! காடு முழுக்க உனக்குக் கிடக்கு, என்ட பக்கத்துக்கு ஏன் வாறாய்?"

மீன் தலைக்காக என்னை அதட்டும் அதே குரல். யானை காதை விரித்து நின்றது. பிறகு, மானத்தைக் காப்பாற்ற ஒரு வாய் கதிரை மட்டும் பிடுங்கிக்கொண்டு திரும்பி நடந்தது. அவ்வளவு கெதியாக நான் ஒருநாளும் சொல் கேட்டதில்லை. முதலில் சகனை ஆயுதமாகத் தூக்கியவன் நான்தான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தது வேறு கதை.

வாடி போயிற்று, வண்டி போயிற்று, உம்மாவும் போய்விட்டார். வீட்டில் இப்போது ஆளுக்கொரு பீங்கான், ஆளுக்கொரு நேரம். ஒருமுறை பாவித்து எறியும் தட்டைச் "சுற்றாடலுக்கு நல்லது" என்று விற்கிற காலத்தில், ஒருநாளும் எறியாத தட்டை விற்கச் சொல்கிறாள் என் மனைவி.

"பழைய பித்தளை எடுக்கிறவன் வாசல்ல நிக்கான். என்ன சொல்ல?"

"ஆனை வந்தா எதை அடிக்கிற?"

"கல்முனை டவுனுக்குள்ள ஆனையா?"

"பார்த்தியா? சகன் இருக்கிற பயத்திலதான் இன்னும் வரல்ல."

கொடுக்க மாட்டேன். உம்மாவின் விறகுக் கட்டை விழுந்த நெளிவு அதன் விளிம்பில் இருக்கிறது. அந்த நெளிவுக்கு நேரே உட்கார்ந்து தனியாக உண்கிறேன். சுற்றிவர எல்லாப் பக்கமும் இப்போது என்னுடையதுதான். ஆனாலும் கை என் பக்கத்தைத் தாண்டுவதில்லை.