ஒரு முழம் ரப்பர்க் குழாய்

யோபு என்ற ஃபிட்டரையும் அவன் குடும்பத்தையும் இந்தத் தங்கவயலைவிட்டு விரட்டியவன் நான். கழுத்தைப் பிடித்துத் தள்ளியவர்கள் மைன் காவல்காரர்கள்தான். தள்ளலாம் என்று வழிவிட்டது என் வாய்.

நேற்று ராபர்ட்சன்பேட்டைக்குப் பருப்பு வாங்கப் போனேன். வழியில் ஒரு பஸ் மூக்கால் ஆவி விட்டுக்கொண்டு நின்றது. கண்டக்டர் டீக்கடை வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். வெந்த ரப்பர் வாடை என் முகத்தில் அடித்தது. பருப்பு மறந்துபோய் வெறும் பையோடு வீடு திரும்பினேன். மருமகளிடம் கடை பூட்டிக் கிடந்தது என்று சொல்லிவிட்டேன். உங்களிடம் உள்ளதைச் சொல்கிறேன், நீங்கள் சிரித்துக்கொண்டே கேட்கலாம். சிரிப்பதற்கு நிறைய இருக்கிறது.

ரயில் வந்து, மின்சார விளக்கும் வந்துவிட்ட காலம் அது. மைன்களுக்கு, சுரங்கம் சரியாமல் தாங்கும் முட்டுமரம் சப்ளை செய்த ஒரு முதலியாரிடம் நான் ரைட்டராக இருந்தேன். மெட்ரிகுலேஷன் பாஸ் செய்தவன் என்ற நினைப்பை வெயில் காலத்திலும் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு திரிந்தேன். முதலியார் பெங்களூர் கண்டோன்மென்டில் ஒரு மோட்டார் வண்டி வாங்கிவந்தார். மூன்று துரைகள் ஓட்டி அலுத்துக் கழித்த வண்டி. அதை அவரே ஓட்டுவார். திருப்பத்தில் "ஹை, ஹை" என்று மாட்டை அதட்டுவதுபோல் அதட்டுவார்.

வண்டி நின்ற இடமெல்லாம் நனைந்தது. எஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீர் எங்கிருந்தோ ஒழுகியது. கேழ்வரகு மாவைக் கரைத்து ஊற்றினால் ஓட்டை அடைபடும் என்று யாரோ முதலியாரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஊற்றினார். ஆண்டர்சன்பேட்டை தாண்டுவதற்குள் மாவு வெந்து, மூடியைத் தூக்கி எறிந்துவிட்டுப் பொங்கி வழிந்தது. "மொதலியார் வண்டி களி கிண்டுது" என்று ரோட்டோரப் பெண்கள் சிரித்தார்கள். இன்றும் வீட்டில் கூழ் கொதித்தால் எனக்குப் பெட்ரோல் ஞாபகம்தான் வரும்.

அந்தச் சமயத்தில் லண்டனிலிருந்து ஒரு பெரிய துரை வருவதாகப் பேச்சு. பௌரிங்பேட்டை ஸ்டேஷனிலிருந்து (இப்போது பங்காருப்பேட்டை என்கிறோம்) அவரைத் தன் மோட்டாரில் ஏற்றிவர வேண்டும் என்று முதலியாருக்கு ஆசை. யோபுவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

கிறிஸ்தவ வேதத்தில் வரும் யோபு பொறுமைக்குப் பேர்போனவர். எங்கள் யோபுவுக்கு வெற்றிலை மடிக்கும் நேரம்கூடப் பொறுமை கிடையாது. மைனில் காற்று மிஷினைப் பார்த்துக்கொள்ளும் ஃபிட்டர் அவன். வேலை ஒரு பங்கு என்றால் வாய் இரண்டு பங்கு. அன்று கையைத் தோள்வரைக்கும் வண்டிக்குள் நுழைத்து, கன்னத்தைத் தகரத்தில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினான்.

"இன்னா யோபு, ஜெபம் பண்றியா?" என்றார் முதலியார்.

"நீங்க பண்ணுங்க மொதலாளி. அடியில கீற ரப்பர்க் குழா கிழிஞ்சி பூட்ச்சி. வெரலே உள்ள போவுது. வெள்ளக்காரன் மொதல்ல குழாவ வெச்சிட்டு அப்பறமா அத்த சுத்தி வண்டிய கட்டிக்கீறான்."

மேலிருந்து பார்த்தால் அந்தக் குழாய் தெரியாது. பக்கத்திலிருந்து கை போகும், ஸ்பானர் போகாது. வேறு ஊராக இருந்தால் வண்டியைத் தூக்கி நிறுத்தியிருப்பார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தூக்கிப் பழக்கமில்லை, தோண்டித்தான் பழக்கம். யோபு இரண்டு ஆட்களைக் கூட்டிவந்து பங்களாத் தோட்டத்தில் இடுப்பளவுக் குழி வெட்டி, பலகை போட்டு வண்டியை அதன்மேல் தள்ளி நிறுத்தினான். இரண்டு பக்கமும் முட்டுமரம் வேறு கொடுத்தான்.

"இம்மாத்தூண்டு குழிக்கு முட்டு எதுக்குடா?"

"மண்ண நம்பக்கூடாது மொதலாளி. உங்க மரத்தையும் நம்பக்கூடாது, இன்னா பண்றது, அதான் கெடைச்சுது."

குழிக்குள் இறங்கிப் பழைய குழாயை உருவிவிட்டான். புதிது மெட்ராஸிலிருந்துதான் வரவேண்டும், அதற்குள் பெரிய துரை வந்துவிடுவார். யோபு என்னைத் தனியாக அழைத்தான்.

"ரைட்டரய்யா, அண்டர்கிரவுண்டுல டிரில் மிஷினுக்குக் காத்து போற ஓஸ் குழா கீது. தேஞ்சி போனதுல ஒரு மொழம் வெட்டியாந்துடுவேன். கேட்டுல காவக்காரன் சீட்டு கேப்பான். மைன் துரைகிட்ட ஒரு சீட்டு வாங்கிக் குடுங்க."

சீட்டு கேட்டால் எதற்கு என்று துரை கேட்பார். முதலியாரின் மோட்டார் ஒழுகுகிறது என்று சொல்லவேண்டும். அது மட்டும் துரைமார் காதுக்குப் போகக்கூடாது என்பது முதலியாரின் உத்தரவு. நான் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "சீட்டு வேண்டாம். யாராவது கேட்டால் என் பெயரைச் சொல். நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன்.

மறுநாள் ஷிப்டு முடிந்து வெளியே வரும்போது யோபு பிடிபட்டான். மடையன், குழாயைச் சட்டைக்கு அடியில் இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறான். எங்கள் ஊரில் மைன் கேட்டைத் தாண்டும் மனிதனின் வாய், காது, குடுமி எதையும் காவல்காரன் விட்டுவைக்கமாட்டான், தங்கம் இருக்கும் என்பான். குழாயை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. தங்கத்தை முன்பே கைமாற்றிவிட்டான் என்று தீர்மானித்தார்கள்.

யோபு என் பெயரைச் சொன்னான். ஆள் வந்து என்னை மைன் ஆபீஸுக்கு அழைத்துப்போனான்.

அறைக்குள் துரை, காவல்காரர்கள், நடுவில் இடுப்புத் துணியோடு யோபு. என்னைப் பார்த்ததும் அவன் சிரித்தான். "சொல்லுங்க ரைட்டரய்யா. இவுனுங்க நம்ப மாட்றானுங்க."

அந்த மைன் ஆபீஸில் ஒரு குமாஸ்தா வேலைக்கு நான் மனுப் போட்டிருந்தேன். இந்தத் துரையின் மேஜைமேல்தான் அந்த மனு கிடந்தது. இந்த மனிதன் எதைச் சொல்கிறான் என்று எனக்குத் தெரியாது என்று இங்கிலீஷில் சொன்னேன். இலக்கணத்தில் ஒரு பிசகு இல்லை. அத்தனை சுத்தமான இங்கிலீஷ் வாக்கியத்தை அதற்கு முன்னும் நான் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை.

யோபுவுக்கு இங்கிலீஷ் தெரியாது. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான். "அய்ய, இவ்ளோதானா?" என்றான்.

தங்கம் கிடைக்காததால் ஜெயில் இல்லை. வேலையும் மைன் கொடுத்திருந்த லைன் வீடும் போயின, தங்கவயலில் கால் வைக்கக்கூடாது என்று உத்தரவும் ஆயிற்று. பொழுது சாய்வதற்குள் வீட்டைக் காலிசெய்தார்கள். அவன் மனைவி ராகேல் தலையில் அண்டாவும் கையில் சின்னப் பெண்ணுமாக என் அறை வாசலில் நின்றாள். "ஒரே ஒரு வார்த்த, அய்யா. இப்பகூட போயி சொல்லலாம்" என்றாள். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

எனக்கு மைனில் வேலை கிடைத்தது. பெரிய துரையை வேறொருவர் குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். மெட்ராஸ் குழாய் வந்து சேர்ந்தபோது அதை மாட்டத் தெரிந்த கை ஊரில் இல்லை. வண்டி தன் குழியின்மேல் நின்று துருப்பிடித்தது. முதலியார் வீட்டுக் கோழிகள் அதில் முட்டையிட்டன.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, யோபு ஜோலார்பேட்டை ரயில் ஷெட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். என் மனச்சாட்சி அதுவரை லீவில் இருந்திருக்க வேண்டும், அப்போதுதான் வேலைக்குத் திரும்பியது. திருடன் என்ற பெயர் அவன்மேல் விழ நான்தான் காரணம், நாலுபேர் முன்னால் நானே அதைத் துடைப்பது என்று முடிவுசெய்தேன். ஞாயிற்றுக்கிழமை பார்த்து அவனுடைய கோவிலுக்கே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

ஆராதனை நடுவில் பாதிரியார், நடக்கவிருக்கும் ஒரு கல்யாணத்துக்கு ஓலை வாசித்தார். மணப்பெண் யோபுவின் மகள். "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டார். கடவுளே எனக்காக இடம் ஒதுக்கிக் கொடுத்ததுபோல் இருந்தது. எழுந்தேன். சபை முழுவதும் திரும்பியது. யோபு என்னைக் கண்டு தலையை ஆட்டினான். வரவேற்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆட்சேபணை இல்லை, ஒரு சாட்சி சொல்ல வந்தேன் என்று ஆரம்பித்தேன். குழாய், சீட்டு, என் பொய் எல்லாவற்றையும் சொன்னேன். இவன் தங்கத்தைத் தொட்டவனே இல்லை என்றேன்.

முன்வரிசையில் ஒருவர் மெதுவாக எழுந்தார். அவர்தான் மாப்பிள்ளையின் தகப்பனார் என்று எனக்குத் தெரியாது.

"ஒரு குந்துமணிகூடவா இல்ல?" என்று கேட்டார்.

"ஒரு குந்துமணிகூட இல்லை" என்றேன், சந்தோஷமாக.

மாலைக்குள் கல்யாணம் நின்றுபோயிற்று. யோபு என்னை ஸ்டேஷன்வரை கொண்டுவந்து விட்டான். பிளாட்பாரத்தில் வாயைத் திறந்தான்.

"தங்கம் கீதுன்னு நான் ஒரு நாளும் சொல்லல. இல்லேன்னும் சொல்லல. அவுங்களா நெனச்சிக்கினாங்க. கடக்காரன் கேக்காம கடன் குடுத்தான். ஷெட்டுல போர்மேன் வாங்க போங்கன்னு பேசினான். திருடன்ற பேர வெச்சிக்கினு மரியாதயா இருந்தேன் ரைட்டரய்யா. வர்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேக்கக் கூடாது?"

கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. ராகேல் எனக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்திருந்தாள். திருப்பி அனுப்பிவிடலாமா என்று நினைத்தேன். ரயில் கிளம்பியதும் பசித்தது, தின்றுவிட்டேன்.

அடுத்த வருஷம் பணம் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். சிலர் அரக்கோணம் என்றார்கள், சிலர் சிலோன் என்றார்கள். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனதா என்பதுகூட எனக்குத் தெரியாது.

இப்போது முதலியாரும் இல்லை, அவர் பங்களாவும் இல்லை. யோபு குடியிருந்த லைன்மேல் தங்கம் பிரித்தபின் மைனிலிருந்து கொட்டிய சயனைட் மண் மலையாக எழும்பிவிட்டது. போன மாதம் எனக்குச் சவரம் செய்ய வந்தவன் ஜன்னல் வழியாக அந்த மேட்டைக் காட்டினான்.

"அதுக்கு அடியில யோபுன்னு ஒருத்தன் பொதச்சி வெச்ச தங்கம் கீதாம், பெரியவரே. எங்க தாத்தா சொல்வாரு."

இல்லையப்பா என்று சொல்ல வாயெடுத்தேன். கத்தி தொண்டையில் இருந்தது.

"அசையாதீங்க" என்றான்.

அசையவில்லை.