பதினான்காம் பக்கம்

வயலின்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். பியானோக்காரருக்கு அந்த வசதி இல்லை. யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்தபோது நான் பத்து விரல்களை மட்டும்தான் கொண்டுவந்தேன். வெள்ளவத்தையில் மாமியின் பிளாட்டில் ஒரு பழைய பியானோ இருந்தது. பத்தொன்பது வயதில் ஒரு கொன்சேர்ட்டோ வாசிக்கத் தெரிவானேன்: பெரிய மண்டபம், நாற்பது பேர் இசைக்குழு, நடுவில் ஒரே ஒரு பியானோ, அதில் நான். வருடத்துக்கு ஒரு பிள்ளைக்குத்தான் அந்த இடம், அதுவும் ஒரே ஒரு முறை. இதே பியானோப் பைத்தியத்தில் விழுந்தவர்களுக்கு மேலே விளக்கம் தேவையில்லை.

கீழ் வீட்டுக்காரர்

அந்த இசைப் புத்தகத்தின் மற்றப் பக்கங்கள் கெஞ்சினால் இரங்கும். பதினான்காம் பக்கம் இரங்காது. இரண்டு கையும் எதிரெதிராக ஓடிவந்து, நடுவில் சந்தித்து, திரும்பி ஓடவேண்டும். என் கைகள் சந்திக்கிற இடத்தில் முட்டிக்கொள்ளும். ஐந்து மாதம் அந்த ஒரு பக்கத்தையே அடித்தேன். அழுதுகொண்டும் அடித்தேன்.

கீழ் வீட்டில் ஓய்வுபெற்ற தபால் அதிபர் சபாரத்தினம் இருந்தார். ஒருநாள் பின்னேரம் படியேறி வந்து, கதவடியில் நின்றபடி கேட்டார்: “பிள்ளை, கோவிக்காதையும். இந்தப் பாட்டில அந்த இடத்துக்கு அங்கால ஒண்டும் இல்லையோ?”

பென்சில் இலக்கங்கள்

எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று புத்தகத்தில் பென்சிலால் இலக்கம் போடுவது எங்கள் வழக்கம். காலி வீதிச் சோதனைச் சாவடியில் ஒரு இளம் சிப்பாய் என் புத்தகத்தைப் புரட்டிப் பதினான்காம் பக்கத்தில் நின்றான். அதில்தான் இலக்கம் அதிகம். எல்லாம் டெலிபோன் நம்பரா என்று அரைகுறைத் தமிழில் கேட்டான். இசை என்றேன். அப்படியென்றால் பாடிக் காட்டு என்றான். பின்னால் இருபது பேர் வரிசையில் நிற்க, வீட்டில்கூடப் பாடாத நான் பாடினேன். இரண்டு வரிக்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை; தங்கச்சி என்பதைச் சிங்களத்தில் ‘நங்கி’ என்று சொல்லி அனுப்பினான்.

“சரி சரி, போங்க நங்கி. பாட்டு ஒங்களுக்கு வராது.”

இசைக்குழு கனடா போனது

பழகுகிற காலத்தில் நாற்பது பேரை யார் தருவார்? இசைக்குழுவின் பங்கை இன்னொருவர் இரண்டாவது பியானோவில் வாசிப்பார். எனக்கு அது கொட்டாஞ்சேனை ஸ்டெல்லா. அவள் வீட்டில் இரண்டு பியானோ இருந்தன. கச்சேரிக்கு இரண்டு மாதம் இருக்கையில் ஸ்டெல்லா குடும்பத்துக்குக் கனடா விசா வந்துவிட்டது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை, பொறாமையிலும் பயத்திலும் அவள் முன்னாலேயே அழுதேன்.

“அழாதயடி. நீ உன்ர பங்கை வாசி. என்ர பங்கு வாற இடத்தில கையை மடியில வைச்சு எண்ணிக்கொண்டிரு.”

கைப்பை

எண்ணிக்கொண்டே பழகினேன். கடைசி வாரத்தில் பதினான்காம் பக்கமும் பணிந்தது. கச்சேரி நாள் நீலச் சேலை, அதற்குத் தோதாக மாமியின் சின்னக் கைப்பை. வெளியூர்த் தமிழர் எங்கே போனாலும் கொண்டுபோகவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு என் பழைய பையிலேயே கிடந்தது. வழியில் பஸ்ஸை மறித்தார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். துண்டு எங்கே என்றார்கள். பிறகு பொலிஸ் நிலைய வாங்கில் உட்காரவைத்தார்கள்.

மாமி மண்டபத்தில், முன்வரிசையில். சபாரத்தினம் அங்கிள் வீட்டுக்குத்தான் போன் பண்ண முடிந்தது. அவர் மாமியைத் தேடிப் பிடித்து, வீட்டைத் திறந்து, துண்டைக் கொண்டுவந்து சேரும்போது ஏழரை. ஆறு மணிக் கச்சேரியில் இசைக்குழு எனக்காக அரை மணித்தியாலம் பார்த்துவிட்டு வேறொன்றை வாசித்து முடித்திருந்தது. சார்ஜன்ட் அட்டையைத் திருப்பித் தந்தார். நல்ல மனிதர், சிரித்தபடிதான் சொன்னார்.

“இப்ப போகலாம் நங்கி. ஒங்களில பிரச்சினை ஒண்டும் இல்ல.”

முதல் தடவை

அடுத்தநாள் காலை அதே சேலையை உடுத்திக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே மூச்சில் வாசித்தேன். பதினான்காம் பக்கம் தண்ணீராய் ஓடியது. இசைக்குழு வருகிற இடங்களில் கையை மடியில் வைத்து எண்ணினேன். ஒன்றையும் தாண்டவில்லை.

முடிந்ததும் சபாரத்தினம் அங்கிள் வந்தார். கண் கலங்கியிருந்தது.

“இண்டைக்குத்தான் முழுசாக் கேட்டனான். நல்ல வடிவு, பிள்ளை. ஆனா இடைக்கிடை நிண்டு போனீர், மறந்திட்டீரோ?”

ஒன்றரை வருடம் பத்து விரலையும் பழக்கிய நான், ஒரு துண்டுக் கடதாசியைப் பை மாற்றி வைக்கப் பழகவில்லை.