மணிபிளாண்டுக்கு நான் செய்த சத்திரசிகிச்சை

யாராவது வீட்டுக்குள் போத்தலில் செடித்தண்டு வைத்திருந்தால் நான் எட்ட நின்றே பார்ப்பேன். கை வைப்பதில்லை. பத்து வயதில் ஒரு மணிபிளாண்டுக்குச் சத்திரசிகிச்சை செய்தவன் நான்.

அந்தத் தண்டைத் தந்தவர் பக்கத்து வீட்டு மாமி. அவரும் அம்மாவும் ஒரு சேவலின் காரணமாக ஆறு மாதம் கதைக்காமல் இருந்து, அப்போதுதான் ராசியாகியிருந்தார்கள். அந்த ஆறு மாதமும் "அவவிட்டச் சொல்லு", "இவவிட்டச் சொல்லு" என்று செய்தி காவியவன் நான்தான். எங்கள் ஊர்த் துறைமுகத்து உப்புக்காற்றில் வெளியே வைத்த செடி கருகிவிடும் என்பதால் மாமியின் மணிபிளாண்ட் முன்னறைக்குள்ளேயே யன்னல் கம்பியில் படர்ந்திருந்தது. அதில் ஒரு தண்டை வெட்டிக் கொடுத்ததோடு சேவல் வழக்கு முடிந்தது.

அம்மா அதை ஜாம் போத்தலில் தண்ணீர் விட்டு றேடியோவுக்குப் பக்கத்தில் வைத்தார். அடுத்த நாள் சித்தியின் பிள்ளைப்பேற்றுக்காகக் குச்சவெளிக்குப் பஸ் ஏறினார்.

"இது பட்டுப்போச்சுதெண்டால் அவ திரும்பவும் என்னோட கதைக்கமாட்டா. கவனமாப் பாத்துக்கொள்," என்று என்னிடம்தான் சொன்னார். அப்பாவை நம்பி எதையும் விடும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

மிகக் கவனமாகத்தான் பார்த்தேன். நாளுக்கு நாலு தரம் வெளியே இழுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள், தண்ணீருக்குள் இருந்த பகுதியில் மண்ணிறத்தில் பரு போல ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. நோய் என்று முடிவு செய்தேன். அப்பா சவரம் செய்யும் பிளேட்டை எடுத்து, பருவுக்கு மேலாக நேர்த்தியாக வெட்டி எறிந்தேன். நோயாளி நலமாகவே தெரிந்தது.

பத்து நாளாகியும் வேர் இல்லை. சித்தியின் பிள்ளையும் வெளியே வராததால்தான் நான் தப்பியிருந்தேன். பன்னிரண்டாம் நாள் தண்டு வழுவழுத்து நாறியது. ஓர் இலை மஞ்சளாகி விழுந்தது. இன்னும் ஆறு மாதம் செய்தி காவ வேண்டும்! அழுதுகொண்டே அப்பாவிடம் போனேன்.

"மணிபிளாண்ட் கேட்டு வாங்கினால் வராது. களவெடுத்து வைச்சால்தான் வேர் விடும் எண்டு சனம் சொல்லும்," என்றார் அவர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

அன்று பின்னேரமே மாமி வீட்டுக்குள் நுழைந்தேன். ஒரு தண்டை முறித்து, களிசானின் பின்பக்கம் செருகியபோது குசினியிலிருந்து மாமி வந்துவிட்டார். நான் அவருக்கு முகத்தைக் காட்டியபடியே வாசல் பக்கமாகப் பின்னால் நடந்தேன்.

"என்ன தம்பி, நண்டு மாதிரி நடக்கிறாய்?"

"பள்ளிக்கூடத்தில விளையாட்டுப் போட்டி மாமி. பழகிறன்."

"ஓம் ஓம், பழகு." மாமி எனக்குப் பின்னால் நின்ற அலுமாரியின் பெரிய கண்ணாடியைப் பார்த்தபடி கதைத்தார். "அம்மாவின்ர மணிபிளாண்ட் என்ன மாதிரி? கணுவில பரு மாதிரி ஒண்டு இருக்கும், அதிலதான் வேர் வரும். அது தண்ணிக்குள்ள நிக்கவேணும். இலை தண்ணியில படக்கூடாது. சும்மா சும்மா இழுத்துப் பாக்கவும் ஏலாது. கிணத்துத் தண்ணி உப்பு, குழாய்த் தண்ணி விடு."

கேட்காமலே ஒரு மனுசி இவ்வளவையும் உளறிக் கொட்டுகிறாரே என்று எனக்கு அவர் மேல் இரக்கம்கூட வந்தது.

சொன்னபடியே செய்தேன். ஒன்பதாம் நாள் வெள்ளை நூல் போல வேர் எட்டிப் பார்த்தது. அடுத்த நாள் அம்மா வந்தார். மூன்று இலையோடு விட்டுப்போன தண்டில் ஐந்து இலை நின்றதைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"நல்லா வளர்ந்திருக்கு," என்றார். போத்தலைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். பாராட்டில் பங்கு கிடைக்கும் என்று நானும் பின்னால் போனேன்.

மாமி என்னை முன்னறைக் கதிரையில் இருத்தி, கையில் இரண்டு விசுக்கோத்தைத் தந்துவிட்டுக் குசினிக் கதவைச் சாத்தினார். உள்ளே இருவரும் மூச்சுமுட்டச் சிரித்தார்கள். நிறுத்துவார்கள், பிறகு மறுபடியும் தொடங்குவார்கள். சித்திக்குப் பெண்பிள்ளை பிறந்த சந்தோஷமாக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் விசுக்கோத்தைத் தின்றேன்.