இசக்கி சொன்ன "கிட்டி"

சாலைக் கடைத்தெருவிலிருக்கும் எங்கள் ஆபீஸிலிருந்து ஒரு காகிதம் ஊரின் மறுகோடியில், கழக்கூட்டத்திலிருக்கும் எங்கள் இன்னொரு ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு இருபத்திரண்டு வருஷம் ஒரே அத்தாட்சிதான் இருந்தது. இசக்கி திரும்பி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே "கிட்டி" என்று சொல்ல வேண்டும். மலையாளத்தில் 'கிடைத்தது' என்று அர்த்தம். அதைக் கேட்கிறவரை எங்களுக்கு அடுத்த வேலை ஓடாது. அந்த நடை நின்று மூன்று வருஷமாயிற்று. போன மாதம் அவர் ஓய்வும் பெற்று, கரமனையில் மகள் அனுஷாவின் வீட்டோடு போய்விட்டார். இன்றைக்கும் மணி மூன்றானால் என் கண் தானாக வாசலுக்குப் போகிறது. மனசு கேட்கவில்லை.

கட்டடங்களை அளந்து பிளான் போட்டுக் கொடுக்கிற கம்பெனி எங்களுடையது. பெயிண்ட் கடைக்கு மேலே மாடி. வீரபாண்டி பழைய கடைகளை டேப் பிடித்து அளந்து பென்சிலால் வரைவார். பார்வதியம்மாள் ஓரத்தில் விவரம் எழுதுவாள். கழக்கூட்டத்து ஆபீஸில் ஜிஷா அதைக் கம்ப்யூட்டரில் வரைவாள். நடுவே இசக்கி. தாள்களைச் சுருட்டித் தகரக் குழலில் போட்டு, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறுவார். நான் நாகலக்ஷ்மி. மேனேஜர் என்று பேர். உண்மையில் இங்கே இருக்கிற மூன்று பேரையும் கட்டி மேய்ப்பதுதான் என் உத்தியோகம்.

இசக்கி நாங்குநேரிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். சாரத்திலிருந்து விழுந்து வலது முழங்கால் கெட்டது. "இனி கல் சுமக்க வேண்டாம், காகிதம் சுமந்தால் போதும்" என்று பழைய முதலாளி எடுத்துக்கொண்டார். கொடுத்தோம், வந்தோம் என்கிற ஆள் இல்லை இவர். அங்கே குழலைத் திறந்து, தாளை எண்ணிப் பார்த்து, அவர்கள் வாயால் "கிட்டி" என்று சொன்ன பிறகுதான் நகருவார். ஒரு ஹர்த்தால் அன்று பஸ் கிடையாது. அந்தக் காலோடு கழக்கூட்டம் வரை நடந்தே போயிருக்கிறார். மறுநாள் காலையில் வந்து "கிட்டி" என்றவரை நன்றாக ஏசினேன்.

"நாளைக்குக் குடுத்தா ஒலகம் முழுகிடுமோ?"

"அங்க அந்தப் புள்ள காத்துக்கிட்டு இருக்குமுல்லா, யம்மா" என்றார். அதற்கு மேல் எப்படி ஏசுவது?

மூன்று வருஷத்துக்கு முன்னால் பழைய முதலாளியின் மகன் வினீத் பொறுப்புக்கு வந்தான். நல்ல பையன், ஆனால் அவசரக் குடுக்கை.

"சேச்சி, இனி ஸ்கேன் செய்து அயச்சா மதி, அனுப்பினா போதும். ஃபைல் பெரிசாணு, மெயில்ல போகாது. ஃபைல் ட்ரான்ஸ்ஃபருக்கு சாஃப்ட்வேர் வேணும். இவங்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர்னா பயம், அதனால சிம்பிளாயிட்டு ஒண்ணு சேச்சியே நோக்கணும். ஓணத்துக்கு முன்ன" என்றான். படியில் கால் வைத்தவன் திரும்பி, "அது சரியானா பின்னே இசக்கியண்ணன் வேண்டா, அல்லே?" என்றான்.

பார்வதியம்மாளின் பேனா ஒரு நிமிஷம் நின்றது. ஏன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முதலில் பார்த்த சாஃப்ட்வேர் இரண்டு பக்கமும் கட்டம் கட்டமாக விரிந்து, போர்ட் நம்பர் என்ன என்று கேட்டது. "போர்ட்டா? விழிஞ்ஞம் துறைமுகத்துல போயிக் கேளுங்க" என்றார் வீரபாண்டி. அடுத்ததில் 'ஷேர்' என்று ஒரு பொத்தான். அதற்கும் வம்பு. "ஷேருன்னா பங்குல்லா மேடம்? எங்கண்ணன் ஒரு பங்கு வச்சதுல எனக்கு பாதிக் கிணறுதான் வந்துச்சு. செத்தாலும் நான் இத அமுக்க மாட்டேன்."

மூன்றாவதில் ஒரே ஒரு வெள்ளைப் பெட்டி. ஃபைலை அதில் போட்டு, ஜிஷாவின் பேரைத் தொட்டால் போய்விடும். இதைவிடச் சுலபம் வேண்டுமென்றால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஃபைல் போக வேண்டும். அதிலும் பார்வதியம்மாள் வெற்றுத் தாளை அனுப்பினாள். வீரபாண்டி பிள்ளையார் படத்தை அனுப்பினார். பாவம், வயசான கைகள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தேன்.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வருகிறேன், பார்வதியம்மாள் போனில் மும்முரமாக இருக்கிறாள். பேத்தி ஆடிய முழு ஆட்டத்தையும் மஸ்கட்டிலிருக்கும் மகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். எதில்? அதே வெள்ளைப் பெட்டியில்!

"பார்வதியம்மா! இத்தனை நாளா என்னை முட்டாளாக்கிண்டு இருந்தேளா?"

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். "நாங்க படிச்சுட்டோம்னா இசக்கி எங்க போவான் லச்சுமி? அந்தக் கால வச்சுக்கிட்டு யாரு வேல குடுப்பா?"

வீரபாண்டி மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்தத்தான் வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. எப்பேர்ப்பட்ட ஜனங்களோடு இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன்! அன்று சாயங்காலமே வினீத்துக்குப் போன் போட்டு, "ஒண்ணும் சரிப்படலை" என்று நானும் வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

ஓணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது கீழே இறங்கினேன். நடுப்படியில் இசக்கி குழலை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் முழங்காலை அழுத்திப் பிடித்திருந்தார். முகமெல்லாம் வேர்வை.

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு வருசமாச்சு. நம்ம படி பரவால்ல, பஸ்ஸு படிதான் ஏற முடியல."

"வாயத் திறந்து சொல்லப்படாதா?"

"சொன்னா நீங்க என்ன செய்வீங்க? அவங்க ரெண்டு பேருக்கும் கம்ப்யூட்டர்னா நடுக்கம். நான் நின்னா ஆபீஸே நின்னுருமுல்லா?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்தப் படியிலேயே உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன். கேட்டு முடித்து, "அடப் பாவியளா" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே வந்து, "அந்தப் பெட்டியளக் காட்டுங்க" என்றார்.

மூன்றையும் திறந்து காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் அவருக்கு ஒரே கேள்விதான்: "போய்ச் சேந்தா சொல்லுமா?"

முதல் இரண்டும் அனுப்பியாச்சு என்பதோடு நிறுத்திக்கொண்டன. வெள்ளைப் பெட்டியில் மட்டும், அந்தப் பக்கம் திறந்து பார்த்த பிறகு இங்கே பச்சையாக ஒரு டிக் விழும். இத்தனை நாள் அதை நான்கூடக் கவனிக்கவில்லை.

"அப்ப இதுதான்" என்றார். "அனுப்புததுக்கு ஆயிரம் வழி இருக்கு யம்மா. சேந்துச்சான்னு கேக்கதுக்குத்தான் ஆளில்ல."

வினீத்துக்கு மறுபடி போன் போட்டேன். சாஃப்ட்வேர் கிடைத்துவிட்டது, ஆனால் ஸ்கேன் பண்ணி அனுப்பிச் சேர்ந்ததா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும், அது இசக்கிதான், இல்லையென்றால் என்னையும் எதிர்பார்க்காதே என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவன் சிரித்துவிட்டான். "எந்தினா சேச்சி தேஷ்யம்? இசக்கியண்ணன் இருந்தோட்டே." கோபம் எதற்கு, இருக்கட்டும் என்கிறான்.

மறுநாள் முதல் ஃபைல். வீரபாண்டி வரைந்த நாலு தாள். இசக்கி ஸ்கேன் பண்ணினார், பெட்டியில் போட்டார், ஜிஷாவின் பேரைத் தொட்டார். நாங்கள் மூன்று பேரும் பின்னால் நின்றோம். சிறிது நேரத்தில் பச்சை விழுந்தது. அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"அதான் வந்துடுத்தே" என்றேன்.

"ஆளு சொல்லணும்லா."

போனை ஸ்பீக்கரில் போட்டேன். ஜிஷாவின் குரல் கணீரென்று வந்தது. "இசக்கியண்ணா, கிட்டி! நாலு ஷீட்டும் கிட்டி."

அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன இசக்கி? தினம் அவ சொல்லிக் கேட்டதுதானே?"

"அங்க சொன்னதெல்லாம் ஒங்களுக்கு உள்ளது யம்மா. நான் வாங்கிட்டு வந்து குடுத்தேன்" என்றார். "இது எனக்கு உள்ளதுல்லா."